மண்ணில் கிடக்கும் வில்லங்கம்

கோயம்புத்தூரின் புறநகர் ஒன்றில், நாற்பதாண்டு காலம் இரும்பை உருக்கி வார்த்துவிட்டு, பின்னர் தொழில் நொடித்து, கடனுக்கும் வழக்குக்கும் நடுவே ஏழெட்டு வருஷம் பூட்டிக் கிடந்த ஒரு வார்ப்படப் பட்டறையின் நிலத்தை, அங்கே குடியிருப்புக் கட்டும் எண்ணத்தோடு ஒருவர் விலைக்குக் கேட்டார். கேட்டவர் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்த அளவில் திருப்தி அடையாமல், மண்ணையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, அந்தக் காரியத்தில் பழக்கப்பட்ட ஒரு பொறியாளரை அமர்த்தினார். அந்தப் பொறியாளர் என் நண்பர். அவரோடு ஒரு நாள் முழுவதும் அந்த வளாகத்தில் வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

பட்டறையின் பழைய வரைபடம் ஒன்று அவர் கையில் இருந்தது. உலைக்கு எரிஎண்ணெய் தந்த டேங்கு, ஜெனரேட்டர் அறை, டீசல் பேரல்கள் அடுக்கியிருந்த கொட்டகை ஆகிய மூன்று இடங்களும் அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. மூன்றிலும் காலையிலேயே துளை போட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் அறையின் பின்புறம் மேல்மண் ஒரு முழம் ஆழத்துக்குக் கறுத்திருந்ததைத் தவிர, பெரிதாகச் சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. நான்காவது துளையைப் பேரல் கொட்டகையின் மறுகோடியில் போடலாம் என்று ஆட்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, அதுவரை வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்த காவலர், எழுபதை நெருங்கிய பெரியவர், எழுந்து வந்தார். "அங்கெ எதுக்குங்க தோண்டறீங்க? அது பின்னால கட்டுன ஷெட்டுங்க. லேத்துல கடைஞ்ச சாமானெல்லாம் கழுவற குழி இந்த மூலையிலதானுங்க இருந்துச்சு. மொதலாளி மகன் வந்தப்புறம் மூடி காங்கிரீட்டு போட்டாங்க" என்றார். வரைபடத்தில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. நண்பர் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பெரியவரின் பக்கத்தில் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

ஒரு தொழில் நிலத்தில் எந்தக் காலத்திலோ சிந்திய எண்ணெயையும் இரசாயனத்தையும் பல வருஷம் கழித்துத் தேடிக் கண்டு, அது எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, யாருக்கு என்ன கெடுதி செய்யக்கூடும் என்று நிர்ணயிக்கும் இந்த வேலை, நம் நாட்டில் சாமான்ய மனிதர்கள் அதிகம் கேள்விப்படாத ஒன்று. அமெரிக்காவிலோ ஏறக்குறைய ஒவ்வொரு ஆலை நிலமும் கைமாறும்போது இது நடக்கிறது. அதற்குக் காரணமாக ஒரு துயரச் சரித்திரம் இருக்கிறது. நயாகரா நகரில் லவ் கால்வாய் என்று பெயர் பெற்ற, பாதியில் கைவிடப்பட்ட வாய்க்கால் ஒன்றில், ஹூக்கர் என்னும் இரசாயனக் கம்பெனி 1942 முதல் சுமார் பத்தாண்டுகளில் 20,000 டன்னுக்கு மேல் கழிவைக் கொட்டி மூடிவிட்டு, 1953ஆம் வருஷம் அந்த நிலத்தை நகரத்தின் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. புதைத்திருப்பது இரசாயனம் என்பதையும், அதனால் பின்னர் விளையும் எதற்கும் தான் பொறுப்பில்லை என்பதையும் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தது. அந்த நிலத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன. மழையும் பனியும் மாறி மாறிப் பெய்த வருஷங்களில் புதைத்தது மெல்ல மெல்ல நிலவறைகளுக்குள் ஊறி வந்தது. 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் அவசர நிலையை அறிவித்து, குடும்பங்களை அங்கிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980இல் வந்த சட்டம், இன்றைய நிலச் சொந்தக்காரனையும் அன்றைய மாசுக்குப் பொறுப்பாளி ஆக்கியது. வாங்குமுன் தக்கபடி விசாரித்தவனுக்கு மட்டும் விலக்களிக்க வழி பிறந்தது. அதன் பிறகுதான் வாங்குகிறவர்கள் மண்ணை விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

விசாரணை என்ற சொல்லை நான் வேண்டுமென்றே பிரயோகிக்கிறேன். பரிசோதனைச் சாலையும் கண்ணாடிக் குப்பிகளும் பின்னால் வருபவை. முதலில் நடப்பது, ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பழைய வழக்கை அவிழ்ப்பதற்கு ஒப்பான பூர்வாங்க விசாரணைதான். இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, அதற்கு முன்பு என்ன இருந்தது என்று பின்னோக்கிப் போக வேண்டும். பெட்ரோலியப் பொருள் சேமித்து வைக்க வாங்கிய உரிமம், தொழிற்சாலை ஆய்வாளரின் கோப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, வானிலிருந்து பல காலங்களில் எடுத்த படங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனியின் கொள்முதல் பேரேடு இவையெல்லாம் சாட்சிகள். பேரேட்டை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், வருஷத்துக்கு இத்தனை பேரல் கரைப்பான் வாங்கியதாக அதில் எழுதியிருக்கும். சரக்கோடு வெளியே போனதும், கழிவாகக் கணக்கில் ஏறியதும், ஆவியாகியிருக்கக் கூடியதும் போக மிச்சம் எங்கே என்று கேட்டால், அநேகமாக அந்தக் கேள்விக்குக் காலடியில்தான் பதில் கிடக்கும். ஆனால் எந்தக் காகிதமும் நடந்த எல்லாவற்றையும் எழுதி வைப்பதில்லை. சனிக்கிழமை மாலையில் கழுவுகுழியைக் காலி செய்த பையன் அந்த அழுக்கு நீரை எங்கே கொண்டுபோய் ஊற்றினான் என்பது எந்தப் பேரேட்டிலும் இராது. அது அந்தப் பையனுக்கும், அவனைப் பார்த்துக்கொண்டிருந்த காவலருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

சிந்தியது மண்ணுக்குள் என்ன ஆகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெட்ரோலும் டீசலும் நீரைவிட இலேசானவை. சிந்திய இடத்திலிருந்து மண்துகள்களின் இடுக்குகளில் வழிந்து இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும், குழம்பின் மேல் மிதக்கும் எண்ணெய் போல அதன்மேல் படர்ந்து நின்றுவிடுகின்றன. நம் நாட்டில் நீர்மட்டம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை; கோடையில் பல அடி இறங்குகிறது, ஐப்பசி அடைமழைக்குப் பின் ஏறுகிறது. அதோடு எண்ணெயும் ஏறி இறங்கி, பல அடி உயரத்துக்கு மண்ணை மெழுகி வைத்துவிடுகிறது. ஆகையால் கோடையில் சோதித்தவர் 'இல்லை' என்று சொன்ன கிணற்றில் தை மாதத்தில் எண்ணெய் மிதப்பதும், மழைக்காலத்தில் சோதித்தவர் கண்ணுக்குத் தட்டுப்படாதது சித்திரையில் வெளிப்படுவதும் சகஜம். இயந்திர உறுப்புகளின் பிசுக்கைப் போக்கப் பயன்பட்ட டிரைக்குளோரோ எத்திலீன் போன்ற கரைப்பான்களின் சுபாவமோ இதற்கு நேர் மாறானது. அவை நீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானவை. நீர்மட்டத்தில் நிற்காமல் அதையும் துளைத்துக்கொண்டு கீழே போய், களிமண் படுகையோ பாறையோ தடுக்கும் இடத்தில் தேங்கி, பாறையின் சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நகர்கின்றன. நீர் ஒரு திசையில் ஓட, விஷம் வேறு திசையில் போவதும் உண்டு. இவற்றில் எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்காமல் துளை போடுகிறவர், மாடியில் தொலைந்ததைக் கிணற்றடியில் தேடுகிறவர் ஆவார்.

அளவு எவ்வளவு சொற்பம் என்பதற்கு ஒரு கணக்கு. பெட்ரோலில் இருக்கும் பென்சீன், இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரு லிட்டர் பெட்ரோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 9 கிராம்; அந்த ஒன்பது கிராமும் நீரில் கரையுமானால், ஏறக்குறைய 9 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். பெட்ரோல் பங்குகளில் வண்டிக்கு ஊற்றும்போது தரையில் சிந்துவதைக் காலால் தேய்த்துவிட்டுப் போகும் நமக்கு, இந்தக் கணக்கு நெஞ்சில் தைக்க வேண்டும்.

துளையிலிருந்து மண்ணை எடுப்பதில்கூட ஒரு ஆசாரம் இருக்கிறது. எஃகுக் குழாய் மேலே வந்ததும் அதை நெடுக வகிர்ந்து, ஒவ்வொரு முழத்திலும் நிறத்தையும் ஈரத்தையும் குறித்துக்கொள்கிறார்கள். கோயம்புத்தூர்ப் பட்டறையில் செம்மண் நிறமாக இருந்த மண் ஓரிடத்தில் சாம்பல் பூத்திருந்ததைக் காட்டி, எண்ணெய் தங்கிய இடத்தில் நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தின்று தீர்த்துவிடுவதால் இரும்பின் சிவப்பு போய்விடுகிறது என்று நண்பர் விளக்கினார். ஒரு பிடி மண்ணைப் பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை மூடி, பத்து நிமிஷம் வெயிலில் வைத்து, பையின் மூலையில் ஊசிபோன்ற முனையுள்ள ஒரு கைக்கருவியைச் செருகினார். உள்ளே சேர்ந்த ஆவியை அந்தக் கருவி எண்ணாகச் சொல்லிற்று. மூக்கை வைத்து மோந்து பார்ப்பது கூடாது என்று ஆட்களைக் கண்டித்துக்கொண்டே இருந்தார். பரிசோதனைச் சாலைக்குப் போக வேண்டிய மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் கழுத்துவரை அமுக்கி நிரப்பினார்கள். இடைவெளி விட்டால் ஆவியாகக் கூடியது ஆவியாகி, வந்து சேரும்போது வெறும் மண்தான் மிஞ்சும். குப்பிகள் பனிக்கட்டிப் பெட்டிக்குள் போயின. அவற்றோடு, சுத்தமான நீர் நிரம்பிய ஒரு குப்பியும் திறக்கப்படாமலே யாத்திரை செய்தது. வழியில் வேறெங்கிருந்தோ மாசு ஒட்டிக்கொள்ளவில்லை என்பதற்கு அந்தக் குப்பி சாட்சி. யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போயிற்று என்று எழுதிக் கையெழுத்திடும் தாளும் கூடவே போயிற்று. இந்தத் தாளில் ஒரு கையெழுத்து விட்டுப் போனாலும் நீதிமன்றத்தில் அந்தக் குப்பிக்கு மதிப்புக் குறைந்துவிடலாம்.

இவ்வளவு ஜாக்கிரதையும் ஏன் என்பதை உணர, கொடைக்கானலுக்குப் போக வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஒரு வெப்பமானித் தொழிற்சாலையை, பாண்ட்ஸ் கம்பெனி 1983இல் அந்த மலையூரில் நிறுவிற்று. பாண்ட்ஸின் தாய்க் கம்பெனி யூனிலீவரிடம் போனபின் ஆலையும் ஹிந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசத்தைக் கண்ணாடிக் குழலில் அடைத்து அடைத்து ஏற்றுமதி செய்த அந்த ஆலையிலிருந்து, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு பல டன் அளவில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் சாக்குச் சாக்காகக் கிடந்ததை, 2001 மார்ச் மாதத்தில் ஊர்மக்களும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி, மறுசுத்திகரிப்புக்காக அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. வந்த நாட்டுக்கே கழிவு திருப்பி அனுப்பப்பட்டது நம் நாட்டில் அபூர்வமான சம்பவம். அதைச் சாதித்தவர்களை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் மண்ணைக் கப்பலேற்ற முடியாது. பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமுள்ளது. தரையில் விழுந்தால் முத்து முத்தாகச் சிதறி, முத்துகள் மேலும் சிறு முத்துகளாகி, பலகை இடுக்கிலும் சுவர் விரிசலிலும் ஓடி ஒளிந்துகொள்ளும். சாதாரண உஷ்ணத்திலேயே நிறமும் மணமும் இல்லாத ஆவியாக எழுந்து காற்றில் கலக்கும். குளிர்ந்த மலைக்காற்றில் மீண்டும் இலைமேலும் பாசிமேலும் படியும். ஆகையால் இங்கே மதிப்பீடு செய்ய வந்தவர்கள் துளை போடுவதோடு நிற்க இயலவில்லை. ஹைதராபாத்தில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பிரிவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் மரத்தில் ஒட்டிய பாசியையும் கற்பாசியையும், கொடைக்கானல் ஏரியின் நீரையும் அடிவண்டலையும் மீனையும் எடுத்து, பேரிஜம், குக்கல் ஏரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, கொடைக்கானல் ஏரியில் பாதரசம் ஏறியிருப்பதை 2006இல் வெளியிட்டார்கள். ஒப்பிடுவதற்கு மாசு படாத ஏரி ஒன்று வேண்டும் என்று அவர்கள் யோசித்ததே இந்த வேலையின் சூட்சுமம். எங்கும் இயற்கையாகவே சிறிதளவு இருக்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றி, 'இங்கே இருக்கிறது' என்று மட்டும் சொன்னால் அது குற்றச்சாட்டு ஆகாது.

ஆலை நிலத்தின் சரிவு, பாம்பாறு சோலை என்னும் அடர்ந்த மலைக்காட்டுக்குள் இறங்குகிறது. அந்தச் சோலையின் நீர் பாம்பாறாகி, கும்பக்கரை அருவியாக விழுந்து, சமவெளிக்குப் போகிறது. இந்த ஒரு பூகோள உண்மைதான் அடுத்து எழுந்த பெரும் விவாதத்துக்கு அடிப்படை. மண்ணில் எவ்வளவு பாதரசம் மிஞ்சியிருந்தால் 'சுத்தம்' என்று ஒப்புக்கொள்ளலாம்? ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் என்ற எல்லை, அந்த இடத்துக்கென்றே கணக்கிட்டு நிர்ணயிக்கப்பட்டது. வீடு கட்டிக் குடியிருக்கும் மனிதனுக்கு அந்த மண்ணால் வரும் அபாயத்தை வைத்துக் கணக்கிட்டது அது. சூழலியலாளர்களோ, கீழே சோலையும் ஆறும் மீனும் இருக்கும்போது மனிதனை மட்டும் அளவுகோலாக வைக்கலாமா, இன்னும் கடுமையான எல்லை வேண்டும் என்று வாதாடினார்கள். வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. என் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டுமானால், சூழலியலாளர்கள் கேட்டதே சரியான கேள்வி. வண்டலில் சேர்ந்த பாதரசம், நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும் பெருமீனிலிருந்து பறவைக்கும் மனிதனுக்கும் ஏறிப்போவது. மலைமேல் முடிகிற கணக்கு அன்று.

இத்தனை விவாதத்துக்கும் முன்னால், எங்கே தோண்ட வேண்டும் என்று கண்டுபிடிக்க உதவக்கூடியவர்கள் அந்த ஆலையில் வேலை செய்த தொழிலாளர்கள். எந்த அறையில் குழல் உடையும், உடைந்தது எந்த வாசல் வழியாகப் போகும், எங்கே கொட்டி எங்கே மூடினார்கள் என்பது அவர்களுடைய கைகளுக்குத் தெரியும். தங்கள் உடம்பு கெட்டது பாதரசத்தால்தான் என்று பதினைந்து வருஷம் அவர்கள் போராடினார்கள். நிறுவனம் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்களுடைய குடும்பத்தாரோடும், தொகை வெளியிடப்படாத ஒரு கருணைத்தொகை ஒப்பந்தம் ஏற்பட்டது. சிறுநீரகத்தையும் நரம்பையும் பற்றி வழக்காட நேர்ந்த ஒரு மனிதனிடம், அதே மூச்சில் 'கழிவை எங்கே புதைத்தார்கள்?' என்று அமைதியாகக் கேட்டு விடை வாங்க எந்த நிபுணனால் முடியும்? ஆலை மூடிய அன்றே, பகை முற்றுமுன், ஒவ்வொரு தொழிலாளியையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்வது சட்டப்படி கட்டாயமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மண்ணைக் கழுவியும் சூடாக்கியும் பாதரசத்தைப் பிரிக்கும் பணி முழுவீச்சில் தொடங்க, ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கொடைக்கானலில் பிரச்சினை, எவ்வளவு மிஞ்சலாம் என்பது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலோ, என்ன இருக்கிறது என்பதிலேயே சண்டை வந்தது.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு அது. மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் வழுக்கையாற்றைத் தவிர்த்தால், மக்களுக்கும் தோட்டத்துக்கும் எல்லாம் கிணறுதான். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அந்தக் கல் முழுவதும் நீர் அரித்த குகைகளும் பிளவுகளும். ஆழங்காண முடியாதது என்று பெயர் பெற்ற நிலாவரைக் கிணறு இந்தச் சுண்ணாம்புக் குகைகளில் ஒன்றின் வாய்தான். துலா மிதித்து நீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்த தலைமுறைகளின் உழைப்பெல்லாம் இந்தக் கல்லுக்குள் தேங்கிய மழையை நம்பியது. அத்தகைய பூமியின் நடுவே, சுன்னாகத்தில், பல பத்தாண்டுகளாக எண்ணெயால் இயங்கும் மின்நிலையம் இருந்துவந்தது. மின்சார சபையின் பழைய நிலையத்தோடு, பின்னாளில் நொதேர்ன் பவர் என்னும் தனியார் கம்பெனியின் நிலையமும் சேர்ந்தது. சுற்றுப்புறக் கிணறுகளில் வாளியைத் தூக்கினால் எண்ணெய் நாற்றம் வருகிறது, நீர்மேல் வானவில்லாக ஏடு படர்கிறது என்று மக்கள் முறையிட்டது 2014, 2015இல் பெரிய கிளர்ச்சியாயிற்று. பிளாஸ்டிக் தொட்டிகளை வீதியோரம் வைத்து, பவுசர் என்னும் தண்ணீர் லாரியில் வந்த நீருக்காகக் காத்திருந்த ஜனங்களின் முகங்களைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வானவில் ஏட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தக் கிணற்றடியிலும் யாரும் செய்து பார்க்கலாம். இரும்புச் சத்துள்ள நீரில் ஒருவகை நுண்ணுயிரும் இதே பளபளப்பான ஏட்டை உண்டாக்கும். அதில் எண்ணெய் ஒரு துளியும் இராது. ஒரு குச்சியால் ஏட்டைக் கிழித்துப் பாருங்கள். நுண்ணுயிரின் ஏடானால் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போலத் துண்டு துண்டாகப் பிரிந்து, பிரிந்தபடியே நிற்கும். எண்ணெயானால் குச்சி விலகிய கணமே சுழன்று வந்து ஒட்டிக்கொள்ளும்.

சுன்னாகத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை செய்த சோதனைகளில், பார்த்த கிணறுகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெயும் கிரீஸும் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாகத் தெரியவந்தது. பின்னர் வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ, அஞ்சத்தக்க மாசு இல்லை என்னும் பொருள்பட அறிக்கை தந்தது. ஒரே ஊர், இரண்டு முடிவுகள். இதைக் கேட்ட மக்கள் நிபுணர்கள் என்ற வர்க்கத்தையே சந்தேகித்ததில் வியப்பில்லை. ஆனால் இத்தகைய சோதனைகளின் உள்ளே சென்று பார்த்தால், ஒவ்வொன்றும் வேறுவேறு கேள்விக்கு விடை சொல்வது புலப்படும். 'எண்ணெயும் கிரீஸும்' என்ற சோதனை, ஒரு கரைப்பானில் கரைந்து வருவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எடை போடுவது. அதில் டீசலும் வரும், தேங்காயெண்ணெயும் வரும். பென்சீன், டொலுயீன் முதலியவற்றைத் தனித்தனியே தேடும் சோதனையோ, எளிதில் ஆவியாகும் அந்தச் சிலவற்றை மட்டுமே காணும். மின்நிலையங்களில் எரிக்கும் கனத்த எண்ணெயில் அவை சொற்பம், காலம் கடந்தால் அதுவும் பறந்துவிடும். முதல் சோதனையை மட்டும் நம்பினால் குற்றமற்றதும் குற்றவாளியாகலாம். இரண்டாவதை மட்டும் நம்பினால் எண்ணெய் மிதக்கும் கிணற்றுக்கும் நற்சான்று கிடைக்கலாம். எந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்பதை அறிக்கையின் முதல் வரியிலேயே ஊராருக்குப் புரியும் தமிழில் எழுதாத நிபுணர், தம் கடமையில் பாதியைத்தான் செய்தவர்.

இன்னொரு இடைஞ்சல் அந்தச் சுண்ணாம்புக்கல். சாதாரண மண்ணில், முக்கோணமாக மூன்று கிணறு தோண்டி நீர்மட்டத்தின் உயரத்தை அளந்தால் நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்லிவிடலாம். குகைகள் நிறைந்த கல்லில் அந்தக் கணக்கு செல்லாது; பக்கத்துக் கிணறு சுத்தமாக இருக்க, நான்கு வீதி தள்ளியுள்ள கிணற்றில் எண்ணெய் வரலாம். ஒரு வருஷத்தில் ஒரு தடவை எடுத்த நீரைக் கொண்டு எதையும் அறுதியிட இயலாத பூமி அது. இத்தனை சிக்கலுக்கும் இடையே, இலங்கையின் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் தத்துவத்தைக் கைக்கொண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தருமாறு நொதேர்ன் பவர் கம்பெனிக்கு உத்தரவிட்டது. பல நிறுவனங்கள் பல காலம் எண்ணெயைக் கையாண்ட ஒரு வளாகத்தில், எவர் சிந்தியது எவ்வளவு என்று பங்கு பிரிப்பதைப் போலக் கடினமான காரியம் இந்தத் துறையில் வேறில்லை.

பங்கு பிரிக்கச் சில உபாயங்கள் உண்டு. எண்ணெயில் உள்ள நூற்றுக்கணக்கான சேர்மங்களைப் பிரித்து வரைகோடாகக் காட்டும் கருவி, டீசலின் கோட்டையும் உலை எண்ணெயின் கோட்டையும் கைரேகை போல வேறுபடுத்திவிடும். நுண்ணுயிர்கள் எளிதான சேர்மங்களை முதலில் தின்று, கடினமானவற்றை மிச்சம் வைப்பதால், கோட்டில் எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, சிந்தியது புதிதா பழசா என்று ஓரளவு யூகிக்கலாம். இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றுவிட்டது. ஆகவே ஒரு பழைய பெட்ரோல் பங்கின் அடியில் எடுத்த பெட்ரோலில், பெட்ரோலுக்கென்று கலந்த ஈயச் சேர்மம் தென்பட்டால், அது அந்தத் தேதிக்கு முந்தியது என்று சொல்வதில் பெரும்பாலும் தவறில்லை.

நம் நாட்டில் நெடுங்காலம் இதற்கென்று தனி விதி இருக்கவில்லை. ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு குன்றாகக் குவிந்து, மழைநீர் மஞ்சளாக ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தும், அதை அகற்றுவது யார் என்பதில் பல பத்தாண்டுகள் கழிந்தன. 2025இல் மத்திய அரசு, மாசுற்ற நிலங்களின் நிர்வாகத்துக்கென்று விதிகள் பிறப்பித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ பட்டியலிட்டுத் தெரிவிக்க வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் பூர்வாங்க மதிப்பீடு செய்ய வேண்டும். பட்டியல் எழுதும் அந்த உள்ளாட்சி அலுவலர் யாரைக் கேட்டு எழுதப்போகிறார் என்பதில்தான் இந்த விதிகளின் உயிர் இருக்கிறது. அவர் கோப்பைப் பார்த்து எழுதினால் கோப்பில் உள்ளது வரும். ஆலையைச் சுற்றிக் குடியிருப்பவர்களையும், ஓய்வுபெற்ற ஃபோர்மனையும், டேங்கர் லாரி ஓட்டிய டிரைவரையும், இரவுக் காவலரையும் தேடிப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினால் நிலத்தில் உள்ளது வரும். அவர்களெல்லாம் வயதானவர்கள்; காத்திருக்க நேரமில்லாதவர்கள்.

கோயம்புத்தூர்ப் பட்டறையில் அன்று பிற்பகல், பெரியவர் காட்டிய மூலையில் காங்கிரீட்டை உடைத்தார்கள். கருவி இரண்டு மீட்டர் இறங்கியபின் வந்த மண் ஈரமாய், கன்னங்கரேலென்று, விரலில் ஒட்டிற்று. பிளாஸ்டிக் பையில் செருகிய கருவியின் எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. கனமான கரைப்பானாக இருந்தால் இன்னும் ஆழத்தில் பார்க்க வேண்டும் என்று நண்பர் மறுநாளைக்குப் பெரிய கருவி கொண்டுவரும்படி போனில் சொன்னார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, நான்காம் துளை என்று எழுதி, அதற்கு எதிரே பெரியவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். "வேறே எங்கியாச்சும் கொட்டுன ஞாபகம் இருக்குங்களா, ஐயா?" என்று கேட்டார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். "வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பின்பக்க மதிலை நோக்கி நடக்கலானார்.